களம் செதுக்கின காலமும் கான்கிரீட் போட்ட காலமும்

வெளியூர்ல வேலை பாத்துட்டு சொந்த ஊர்ல வீடு கட்டறவங்க தவறாம கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "வாசல், கொல்லை எல்லாம் ஒரேயடியா சிமெண்ட் போட்டு மூடிடலாமா? சேறு இருக்காது, புல்லு முளைக்காது, கார் நிறுத்தலாம்." நியாயமான ஆசைதான். ஆனா நாம மிதிக்கிற தரைக்கு ஒரு சரித்திரம் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு உங்களுக்கே புரிஞ்சிடும். அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

எங்க ஊரு கல்லக்குடிக்குப் பக்கம். ரெண்டு பொருளுக்கு இந்த வட்டாரம் பேர் போனது. மேல கரிசல் மண்ணு, கீழ சுண்ணாம்புக் கல்லு. சுமார் 10 கோடி வருசத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்ததுன்னு நிலவியல்காரங்க சொல்றாங்க. கிணறு வெட்டும்போது நத்தை மாதிரி சுருண்ட கல்லும் சிப்பி படிஞ்ச கல்லும் வரும். அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புதான் இன்னைக்கு சிமெண்ட் மூட்டையா ஊரெல்லாம் போகுது.

மண்ணுக் களம்

எங்க அப்பா காலத்துல களம்னா வருசா வருசம் புதுசா செய்யற சமாச்சாரம். அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே, காட்டுல மேட்டுப்பாங்கான மூலையாப் பாத்து புல்லைச் செதுக்குவாங்க. கரிசல் வெயில்ல பாளம் பாளமா வெடிக்கும், தானியம் விரிசலுக்குள்ள போயிடும். அதனால செம்மண்ணு வண்டியில கொண்டாந்து மேல பரப்பணும். தண்ணி தெளிச்சு, ஈரம் பதமா இறங்கினதும் மாட்டை விட்டு மிதிக்க வைக்கணும். திமிசுக்கட்டையால தட்டணும். கடைசியா சாணியைக் கரைச்சு மெழுகணும். அப்புறம்தான் சோளக் கதிரோ கம்போ அதுல விழும். மாடு கட்டி அடிச்சு, காத்துப் பாத்துத் தூத்தி, பொலி குவிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தத் தரை தாங்கினா போதும். அடுத்த மழையில அது மறுபடியும் காடாயிடும்.

வீட்டு வாசலும் அப்படித்தான். தினமும் விடியக்காலையில சாணி தெளிக்கணும், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ள மெழுகணும். இதை ரொம்ப அழகா பேசறவங்க இருக்காங்க. மண் தரை குளிர்ச்சி, சாணி கிருமிநாசினின்னு சொல்லுவாங்க. அப்படிப் பேசறவங்கள்ல முட்டி போட்டு மெழுகினவங்க எத்தனை பேருன்னு கேக்கணும். எங்க அம்மாவுக்கு நாப்பது வயசுலயே முழங்கால் போச்சு. மண்ணுக் களத்து அரிசியில, பருப்புல கல்லு பொறுக்கியே பொம்பளைங்க பாதி மத்தியானம் கழிஞ்சது. சிமெண்டு வந்தது அவங்களுக்குப் பெரிய விடுதலை. அதை மறைச்சுட்டு இந்தக் கதையைச் சொன்னா அது சரியா இருக்காது.

சுண்ணாம்புக் காரை

சிமெண்டுக்கு முன்னாடி கெட்டித் தரையே இல்லாம இல்ல. கோயில், சத்திரம், பெரிய வீடு எல்லாத்துலயும் சுண்ணாம்புக் காரை இருந்தது. சுட்ட சுண்ணாம்பை நீத்து, மணலோட சேத்து மாடு கட்டின செக்குல அரைப்பாங்க. கடுக்காய் ஊறின தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் சேக்கறது உண்டு. செங்கல்லைப் பொடிச்சுச் சேத்தா அதுக்கு சுர்க்கின்னு பேரு. சுர்க்கி கலந்தா ஈரத்துலயும் இறுகும்.

பழைய வீடுகள்ல நீங்க அண்ணாந்து பாத்திருப்பீங்க. தேக்கு உத்திரம், அதுக்கு மேல சாய்வா நிறுத்தி வச்ச சின்னச் செங்கல்லு. அதுதான் மெட்ராஸ் டெரஸ். அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆளுங்க வரிசையா உக்காந்து நாள் கணக்குல தட்டுவாங்க. இதுவும் கான்கிரீட்தான். கட்டற பசை மட்டும் வேற. முல்லைப் பெரியாறு அணை 1895ல கட்டி முடிச்சது, சுண்ணாம்பு சுர்க்கிக் கலவையிலதான்.

சுண்ணாம்புல ஒரே குறை, அவசரத்துக்கு ஆகாது. இறுக வாரம், மாசம்னு எடுக்கும். கூலி கூடக் கூட அந்தப் பொறுமை கட்டுப்படியாகாமப் போச்சு.

மூட்டை வந்த கதை

1824ல இங்கிலாந்துல லீட்ஸ் ஊருக்காரர் ஜோசப் ஆஸ்ப்டின்னு ஒரு கொத்தனார், சுண்ணாம்பையும் களிமண்ணையும் சேத்துச் சுட்டு அரைச்ச ஒரு தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். இறுகினா அந்த நாட்டு போர்ட்லண்ட் கல்லு மாதிரி இருக்கும்னு அதுக்கு போர்ட்லண்ட் சிமெண்ட்னு பேர் வச்சார். இன்னைக்கும் மூட்டையில அந்தப் பேரு இருக்கு, எடுத்துப் பாருங்க. கண்டுபிடிச்சவர் படிச்ச விஞ்ஞானி இல்ல, கரண்டி பிடிச்ச ஆளு. எனக்கு அதுல ஒரு சந்தோசம்.

இந்தியாவுல சிமெண்ட் செய்யற முதல் முயற்சி 1904ல மெட்ராஸ்லதான் நடந்தது. அது நிலைக்கல. 1914ல குஜராத் பக்கம் போர்பந்தர்ல ஆரம்பிச்ச ஆலைதான் வெற்றிகரமா ஓடிச்சு. எங்க பக்கத்து டால்மியாபுரம் ஆலை 1939ல வந்தது. ஆலை வந்ததும் ஊர்ப் பேரே மாறிப்போச்சு. 1953ல அந்தப் பேரை எடுத்துட்டு கல்லக்குடின்னு வைக்கணும்னு நடந்த ரயில் மறியல் போராட்டம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தலைமை தாங்கினவர் கலைஞர் கருணாநிதி. இப்ப ஸ்டேஷன் பலகையில கல்லக்குடி பழங்காநத்தம்னு இருக்கு.

ஆனா ஒண்ணு பாருங்க. ஆலை பக்கத்துலயே இருந்தும் எங்க ஊருக்கு சிமெண்ட் வர ரொம்ப வருசமாச்சு. அப்பல்லாம் சிமெண்ட் கட்டுப்பாட்டுப் பொருள். விலையையும் பங்கீட்டையும் அரசாங்கம் வச்சிருந்தது. வேணும்னா எழுதிக் குடுத்து பெர்மிட் வாங்கணும். கேட்டது இருபது மூட்டைன்னா கிடைக்கிறது அஞ்சா இருக்கும். அதனால அந்தக் காலத்து வீடுகள்ல பாருங்க, திண்ணைக்கு மட்டும் சிமெண்ட் பால் ஓட்டி, சிவப்புக் காவி போட்டு இழைச்சிருப்பாங்க. கை பட்டுப் பட்டு இன்னைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கும். கம்மியா கிடைச்சதால பாத்துப் பாத்து செலவழிச்சாங்க.

1982ல கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினாங்க. ஆலை ஒரு பங்கை லெவியா அரசாங்கத்துக்குக் குடுத்துட்டு மீதியை வெளிச்சந்தையில விக்கலாம்னு ஆச்சு. 1989 மார்ச்ல முழுசா எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் பெட்டிக்கடை மாதிரி ஊருக்கு ஊர் சிமெண்ட் கடை. எங்க ஊர்ல முதல் சிமெண்ட் களம் போட்டவர் துபாய் போய்ட்டு வந்த ஒருத்தர். கொத்தமல்லி காய வைக்க ஊரே அவர்கிட்ட முறை சொல்லி நின்னுச்சு.

இப்ப போடறவங்களுக்கு

விருந்தாளிக் கொத்தனார் சொல்லுக்கெல்லாம் தலையாட்டாம இருக்க, நீங்களே தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு கொஞ்சம் இருக்கு.

முதல்ல மண்ணு. கரிசல் மழையில உப்பும், கோடையில சுருங்கும். அதுக்கு மேல எவ்வளவு கெட்டியாப் போட்டாலும் கீழ இருந்து தூக்கி உடைச்சிடும். ஒண்ணரை ரெண்டு அடி கரிசலை வாரி எடுத்துட்டு கிராவல் நிரப்புங்க. அரை அடி கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு, அதுக்கப்புறம் அடுத்த அரை அடி. அந்தக் காலத்துல களத்துக்குச் செம்மண் பரப்பினதுக்கும் இதுக்கும் காரணம் ஒண்ணுதான்.

அடுத்தது கனம். ஆள் நடக்க, தானியம் காயப்போட 4 இஞ்ச் போதும். டிராக்டர், லோடு வண்டி ஏறும்னா 6 இஞ்ச் போட்டு உள்ள கம்பி வலை வையுங்க. வலையை மண்ணுல படுக்க வச்சுட்டு மேல கொட்டினா பிரயோஜனமே இல்ல. சின்னக் கல்லு வச்சுத் தூக்கி நிறுத்தணும்.

இருபதுக்கு இருபது அடி வாசல்னு வச்சுக்குவோம். 4 இஞ்ச் கனத்துல 133 கன அடி வருது. ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணுங்கற கலவையில சுமார் 30 மூட்டை சிமெண்ட், அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல மணல், ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல முக்கால் ஜல்லி. இதை எழுதி வச்சுக்கிட்டா மூட்டை எங்க போச்சுன்னு சண்டை வராது.

தண்ணிதான் பெரிய எதிரி. வேலை சுளுவா ஓடணும்னு குழம்பு மாதிரி கரைச்சிடுவாங்க. சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணிங்கறதுலதான் பலமே இருக்குன்னு 1918லயே டஃப் ஆப்ராம்ஸ்னு அமெரிக்காக்காரர் சோதனை பண்ணிக் காட்டிட்டார். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் சுமாரா வச்சுக்கங்க. மணல் ஈரமா இருந்தா இன்னும் குறையும்.

விரிசலைத் தடுக்க முடியாது, ஆனா எங்க விரியணும்னு நாம சொல்லலாம். கடலைக்குப் பாத்தி பிரிக்கிற மாதிரி 10 அடிக்கு 10 அடி பிரிங்க. கோடு 1 இஞ்ச் ஆழமாவது இருக்கணும். வீட்டுச் சுவரோட ஒட்டிப் போடாம நடுவுல ஒரு சந்து விட்டு தார் ஊத்துங்க. வாட்டம் சுவரை விட்டு வெளிய போகணும், 10 அடிக்கு 2 இஞ்ச்.

கடைசியா தண்ணி காட்டறது. மறுநாளே ஓரம் கட்டித் தண்ணி நிறுத்துங்க, இல்ல வைக்கோல் பரப்பி நனைச்சுக்கிட்டே இருங்க. குறைஞ்சது 10 நாள். வண்டி ஏத்த 28 நாள் பொறுங்க. சித்திரை உச்சி வெயில்லயும் ஐப்பசி மழையிலயும் இந்த வேலை வேணாம். தை, மாசி நல்ல காலம்.

மூடாத இடம்

இப்ப முதல் கேள்விக்கு வரேன். முழுசா மூடலாமா?

ஒரு கணக்கு சொல்றேன். ஆயிரம் சதுர அடி சிமெண்ட் தரையில ஒரு செண்டிமீட்டர் மழை பெஞ்சா 900 லிட்டருக்கு மேல தண்ணி ஓடும். முன்னாடி அந்தத் தண்ணியில ஒரு பங்காவது உங்க கிணத்துக்கோ போருக்கோ இறங்கினது. இப்ப அது தெருவுக்குப் போகுது, தெருவுல இருந்து பள்ளத்துல இருக்கற வீட்டுக்குப் போகுது. பள்ளத்துல வீடு வச்சிருக்கிறவங்க யாருன்னு எந்த ஊர்க்காரருக்கும் தெரியும். அவங்களுக்கு வாசலே மண்ணுதான். எங்க தெருவுல நாலு வீடு வாசலை உசத்தி மூடினதுக்கப்புறம் கீழண்டை வீடுகள்ல கார்த்திகையில முழங்கால் தண்ணி நிக்குது. 2003ல மழைநீர் சேகரிப்பைச் சட்டமாவே போட்டாங்க. குழாயும் வச்சோம். குழாய் போய்ச் சேர்ற இடத்தைத்தான் சிமெண்ட் போட்டு மூடிட்டோம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. வீட்டு வாசல்ல கார் நிக்க இவ்வளவு சிமெண்ட் போடறோம். ஆனா களம் இல்லாதவங்க மக்காச்சோளத்தைத் தார் ரோட்டுலதான் காயப்போடறாங்க. ராத்திரி வர்ற பைக்காரர் குவியல்ல ஏறி விழறார், ரெண்டு பக்கமும் சாபம். பஞ்சாயத்துல போட்ட உலர்களம் இருக்கற ஊர்ல இந்தக் கஷ்டம் பாதி குறைஞ்சிருக்கு. வெளியூர்ல இருந்து ஊருக்கு ஏதாச்சும் செய்யணும்னு நினைக்கறவங்க, ஆர்ச்சும் தோரண வாயிலும் கட்டறதை விட்டுட்டு ஒரு களம் போட்டுக் குடுங்க. எங்க போடறதுன்னு பஞ்சாயத்துல கேட்டா இடம் காட்டுவாங்க.

அதனால என் பதில் இதுதான். படியில இருந்து தெரு வரைக்கும் நடக்க ஒரு பாதை போடுங்க. சக்கரம் போற இடத்துல ரெண்டு பட்டை போடுங்க, நடுவுல மண்ணா விடுங்க. தானியமோ வத்தலோ காயவைக்க ஒரு பத்துக்குப் பத்து போடுங்க. அம்மா, அத்தை நடமாடற பின்கட்டுல கண்டிப்பா போடுங்க, வழுக்காம சொரசொரப்பா விட்டு. மீதியை மண்ணாவே விட்டு ரெண்டு முருங்கை, ஒரு வேம்பு வையுங்க. வேம்பை மட்டும் தரையை விட்டுத் தள்ளி வையுங்க, வேர் தூக்கிடும்.

மண்ணுக் களத்தை அடுத்த மழையே திருப்பி எடுத்துக்கும். சிமெண்ட் களத்தை உங்க பேரன்தான் உடைச்சு எடுக்கணும். மூட்டைக்குச் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு நல்ல மழையன்னிக்கு ஊர்ல இருந்து, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு குடை பிடிச்சுக்கிட்டுப் பாத்துடுங்க. அப்புறம் கோடு கிழிங்க.