ராக்கெட்டுக்கு எதுக்கு பெயின்ட்?

சின்ன வயசில் இராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் போனால், வள்ளத்துக்குப் பூச்சு அடிக்கிறதை வேடிக்கை பார்த்துக்கிட்டே நிப்பேன். கொல்லாங்கொட்டை ஓட்டில் இருந்து எடுக்கிற எண்ணெயைத் தடவுவாங்க. "அழகுக்கா?"ன்னு கேட்டேன். "உப்புக்கு மக்களே"ன்னார் ஒரு பெரியவர்.

ராக்கெட் கதையும் அதேதான். பெயின்ட் அங்கே அலங்காரம் இல்லை, ஒரு கருவி.

1942 அக்டோபர் 3-ல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் இருந்து வெற்றிகரமாகக் கிளம்பிய வீ-2 ராக்கெட்டைப் பாருங்க. உடம்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம். ஒரே நிறத்தில் இருக்கும் உருளை தன்னைத்தானே சுற்றுகிறதா என்பது படத்தில் தெரியாது. வண்டிச் சக்கரத்தில் சுண்ணாம்புப் பொட்டு வெச்சாத்தானே சுத்தை எண்ண முடியும்? சோதனைக்கு அந்தக் கட்டம். போருக்குப் போனபோது நிறம் மாறியது, கண்ணுக்குப் படாமல் இருக்க. லண்டன், ஆன்ட்வெர்ப் நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

நிலவுக்குப் போன சாட்டர்ன்-5-லும் கறுப்புப் பட்டைகள் உண்டு. 1966-ல் ஒத்திகைக்கு நிறுத்திய மாதிரி ராக்கெட்டில் ஒரு கறுப்புப் பட்டை ஃபுளோரிடா வெயிலில் சூடேறியது. பறந்த ராக்கெட்டுகளில் அந்த இடத்தை வெள்ளையாக்கிட்டாங்க. விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தொட்டிக்கு 1981-ல் முதல் இரண்டு பயணங்களில் வெள்ளை அடித்தார்கள். 1982-ல் மூன்றாவது பயணத்தில் அதை விட்டதும் சுமார் 270 கிலோ மிச்சம்!

வீட்டிலேயே பெரிய ராக்கெட் செய்யும் அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர்களுக்கும் இதே கணக்குதான். அட்டைக் குழாயின் சுருள் பள்ளத்தில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, பிறகுதான் நிறம். அதையும் மெல்லிசா நாலு தடவை அடிக்கணும். வால் பக்கம் பெயின்ட் கூடினால் எடையின் மையம் பின்னால் நகரும். காற்று அழுத்தும் மையத்துக்கு அது குறைந்தது ஒரு விட்டம் முன்னால் இருக்கணும், இல்லாட்டி ராக்கெட் தறிகெட்டுப் போகும். அதனால் பெயின்ட் காய்ந்த பிறகு இன்னொரு தடவை நிறுத்திப் பார்ப்பது வழக்கம்.

நம்ம கரையிலேயே, வடமேற்கே தும்பாவில், ஒரு ராக்கெட் வானத்துக்கே நிறம் அடிச்சுது. 1963 நவம்பர் 21 சாயங்காலம் கிளம்பியது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. மேலே போய் சோடியம் ஆவியைக் கக்க, வெயில் பட்டு செம்மஞ்சள் மேகம். அது நகர்வதை வெவ்வேறு இடங்களில் இருந்து படம் பிடித்து, உயரத்தில் அடிக்கும் காற்றைக் கணக்குப் போடுவார்கள். வீ-2 கட்டம் மாதிரியேதான். கண்ணுக்குத் தெரியாத அசைவைத் தெரிய வைக்க ஒரு நிறம்.

நாலு வருஷம் கழித்து, 1967 நவம்பர் 20-ல், அதே தும்பாவில் நம்ம வீட்டு ராக்கெட் பறந்தது. பெயர் ரோகிணி ஆர்ஹெச்-75. விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர்!

அதுக்கு இடம் கொடுத்தது யார்? விக்ரம் சாராபாய் கேட்டார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் பேசினார். மீனவர்கள் தங்கள் மகதலா மரியாள் கோயிலையும் குடியிருந்த கரையையும் விட்டுக் கொடுத்தார்கள். கோயில் அலுவலகமானது, ஆயர் இல்லமும் மாட்டுத் தொழுவமும் வேலைக்கூடமாயின.

அந்தச் செம்மஞ்சள் மேகம் கொஞ்ச நேரத்தில் கலைஞ்சு போச்சு. கோயில் இப்போ விண்வெளி மியூசியம். அடுத்த தடவை திருவனந்தபுரம் போனா ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. ராக்கெட்டைப் பார்த்துட்டு, சுவரையும் கொஞ்சம் பாருங்க மக்கா. அதுவும் கடலோரத்து ஆட்கள் கட்டினதுதான்.