குழாய்க்குப் பின்னால் ஓர் ஆறு

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான் வட்டாரங்களில் நீர் விநியோகம் தடைப்பட்டது. மக்கள் வாளிகளோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர். வானம் பொய்க்கவில்லை, அணையும் வற்றவில்லை. ரவாங் அருகே சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. அந்த நீர் சிலாங்கூர் ஆற்றைச் சேர்ந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பாதிக்கப்பட்ட நீர்க் கணக்குகள் ஏறக்குறைய 12 லட்சம்!

பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்போரில் எத்தனை பேர் அதற்கு முன் அந்தச் சிற்றாற்றின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? வீட்டுக் குழாய்க்கும் எங்கோ ஓடும் ஆற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்ணுக்குக் காட்டுவது வரைபடம்.

இதற்கு முன்னோடி ஒரு மருத்துவர். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா 600-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ வீடு வீடாக விசாரித்தார். பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்தன. செப்டம்பர் 8-ஆம் தேதி அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் அவர் வெளியிட்ட வரைபடம், குற்றவாளி காற்றல்ல, தண்ணீரே என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியது.

அன்று தாளில் செய்ததை இன்று கணினி செய்கிறது. ஆறு, கிளையாறு, நிலச்சரிவின் திசை, தொழிற்சாலை, குப்பைமேடு, நீர் எடுக்கும் இடம் ஆகிய அனைத்தையும் புவியியல் தகவல் முறை அடுக்கடுக்காகப் பொருத்துகிறது. ஆற்றில் நாற்றம் தெரிந்ததும் எந்தக் கால்வாய்களைச் சோதிக்க வேண்டும் என்பது விரைவில் புலப்படும். ஆயினும் வரைபடம் சந்தேகத்தைத்தான் காட்டும். நீர் மாதிரியே சாட்சி சொல்லும்.

ஆறு மாநில எல்லையை அறியாது. 2016-இல் செமினி சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டபோது, மாசு நெகிரி செம்பிலான் பக்கமிருந்து வந்ததாகக் கண்டறியப்பட்டது. அலுவலக வரைபடம் எல்லையோடு நின்றுவிட்டால் பயனென்ன?

2020 சம்பவத்துக்குப் பின் சிலாங்கூர் மாநிலம் நீரை மாசுபடுத்துவோருக்கான அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தியது. ஆனால் அபராதம் என்பது நீர் கெட்ட பிறகு வருவது. தொழிற்சாலைக்கு உரிமம் வழங்கும் மேசையிலேயே ஆற்றின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், வாளி தூக்கும் வேலை மக்களுக்கு மிச்சமாகும்.