‘தி டான்ஸ்’: காதற்பாட்டும் அதன் காணொளியும்

1. ஆய்பொருள்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் கார்த் புரூக்ஸின் ‘தி டான்ஸ்’ பாடலை இயற்றியவர் டோனி அராட்டா. நாஷ்வில் நகரின் புளூபேர்ட் கஃபேயில் அராட்டா பாடக் கேட்ட புரூக்ஸ் அதைத் தாம் பதிவு செய்ய விரும்பினார். 1989இல் வெளிவந்த தம் முதல் இசைத்தொகுப்பின் இறுதிப் பாடலாக அதை வைத்தார். 1990இல் தனிப்பாடலாக வந்தபோது பில்போர்டு கன்ட்ரி வரிசையில் அது முதலிடம் பெற்றது. காணொளியை இயக்கியவர் ஜான் லாய்டு மில்லர்.

பாட்டின் பொருள் பிரிந்த காதல். காணொளியிலோ காதலர் இணை இல்லை. மறைந்த பெருமக்களின் ஆவணப் படங்களே உள்ளன. இது பொருள் விலகலா, பொருள் விரிவா என்பதே நம் வினா.

2. வரையறை

பாட்டில் இழந்ததாகச் சொல்லப்படுவதை ‘இழப்புப்பொருள்’ என்றும், இழந்து பேசுபவரைக் ‘கூற்றாளர்’ என்றும் கொள்வோம். முடிவு முன்பே தெரிந்திருந்தால் துயரைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் காதலியோடு ஆடிய அந்த நடனமும் வாய்த்திராது என்பது கூற்றாளரின் துணிபு. அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை, பிரிவின் காரணமும் கூறப்படவில்லை. அகப்பாட்டில் தலைமக்களின் பெயர் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய நெறியை அறிந்தோர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும்: பெயரில்லாத இடத்தில் எவரும் பொருந்துவர். அந்த இடத்தில்தான் காணொளி பெயருள்ளவர்களை நிறுத்துகிறது.

3. மாந்தர் வகை

காணொளியின் தொடக்கத்தில் புரூக்ஸே பேசுகிறார்: இது காதல் முறிவின் பாட்டாகவும், தாம் நம்பிய ஒன்றுக்காக உயிர்விட்டவரின் கதையாகவும் அமையும் என்கிறார். அவ்விளக்கத்தை மாந்தரோடு ஒப்பிட்டால் மூன்று வகை தோன்றும்.

முதல் வகையினர், செய்த தொழிலே உயிரைக் கொண்டவர்கள். 1986 ஜனவரி 28இல் மாண்ட சேலஞ்சர் விண்கலத்தின் எழுவரும், காளைச் சவாரி வீரர் லேன் ஃப்ராஸ்ட்டும் இதில் அடங்குவர். ஃப்ராஸ்ட்டின் முடிவு தனித்து நோக்கத் தக்கது. 1989 ஜூலையில், செயென் நகர ரோடியோவில், விதிப்படி வேண்டிய 8 விநாடிகளும் காளைமேல் நிலைத்து இறங்கிவிட்டார். அதன் பின்னரே காளை அவர் முதுகில் முட்டியது. சவாரி நிறைவேறியது, உயிர் போயிற்று. பாட்டின் துணிபுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று காணொளியில் இல்லை.

இரண்டாம் வகையினர் பொதுவாழ்வில் சுட்டுக் கொல்லப்பட்ட கென்னடியும் மார்ட்டின் லூதர் கிங்கும்.

மூன்றாம் வகையே இடர் தருவது. பாடகர் கீத் விட்லி 1989இல் மிகைமதுவால் இறந்தார். நடிகர் ஜான் வெய்ன் 1979இல் புற்றுநோயால் இறந்தார். இவ்விரு சாவையும் நம்பிக்கைக்காக நேர்ந்தவை என்று கூற இயலாது.

4. கூற்று மாற்றம்

ஆகவே புரூக்ஸின் விளக்கம் எல்லாரையும் தழுவவில்லை. மூன்று வகையையும் இணைப்பது சாவின் காரணமன்று, பின்னிருப்போரின் அன்பு. முதலிரு வகையில் இறந்தவரையே கூற்றாளராகக் கொள்ளலாம்: ஃப்ராஸ்ட் தம் சவாரியை எண்ணிப் பேசுவதாகப் பாட்டு ஒலிக்கும். விட்லிக்கும் வெய்னுக்கும் அக்கூற்று பொருந்தாது. அங்கே பேசுபவர் அவர்களை இழந்த கேட்போரே. அவர்களே அங்குக் காதலர், மறைந்தவர்கள் இழப்புப்பொருள். எனவே இணையரைக் காட்டாதபோதும் இக்காணொளி காதற்பாட்டின் காணொளியே என்பது நம் முடிபு.