மாசி வருகிற நாட்டின் வழக்கு



புறக்கோட்டைக் கடைகளில் நாம் வாங்கும் மாசி பெரும்பாலும் மாலைதீவுச் சரக்கு. அந்த நாடு 1987 முதல் உலகத்தோடு ஒரு வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்த ஏப்ரலில் பேரலைகள் மாலே நகருக்குள் புகுந்தன. ஒக்டோபரில் ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம் (கொழும்பு றோயல் கல்லூரியிலும் படித்தவர், பிறகு அல்அஸ்ஹர் பட்டதாரி) ஐ.நா. பொதுச்சபையில் எழுந்து, கடல் உயர்ந்தால் தன் நாடே இல்லாமல் போகும் என்றார். 1989இல் சிறிய நாடுகளை மாலேக்கு அழைத்து மாநாடும் நடத்தினார். 1992இல் றியோவில் காலநிலைச் சமவாயம் கையெழுத்தானது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 1995இல் பேர்லினில் கூடிய முதல் மாநாட்டில், முடிவுகளை வாக்கெடுப்பால் எடுக்கலாமா என்பதிலேயே இணக்கம் வரவில்லை. எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் எதிர்த்தன. சவூதி அரேபியா முன்வரிசையில் நின்றது. நமக்குக் கசப்பான செய்திதான், ஆனால் மறைத்து என்ன பயன்? அந்த விதி இன்றுவரை நிறைவேறவில்லை. எல்லோரும் இணங்கினால்தான் முடிவு. பள்ளிவாசல் கூரையைத் திருத்த ஜமாஅத்தில் ஒருவர்கூட மறுக்கக் கூடாது என்று யாப்பு எழுதினால் எப்படியிருக்கும்? இங்கே கிட்டத்தட்ட 200 நாடுகள்.

1997 கியோட்டோ உடன்படிக்கை பணக்கார நாடுகளுக்கு மட்டும் குறைப்பு இலக்கு வைத்தது. வளரும் நாடுகளுக்கும் இலக்கு இல்லாத ஒப்பந்தம் வேண்டாம் என்று அமெரிக்க செனட் முன்கூட்டியே 95-0 என வாக்களித்திருந்தது. 2001இல் அமெரிக்கா கையை விரித்தது.

2009 ஒக்டோபர் 17இல் ஜனாதிபதி முஹம்மத் நஷீத் கடலுக்கடியில் அமைச்சரவையைக் கூட்டினார். அந்தப் படம் பலருக்கு ஞாபகமிருக்கும். டிசம்பரில் கொப்பன்ஹேகனில் நடந்ததுதான் அதைவிட முக்கியம். தீவு நாடுகள் கேட்டது 1.5 பாகை வரம்பு. தலைவர்கள் சிலர் அறைக்குள் எழுதிய ஆவணத்தில் இருந்தது 2 பாகை, 1.5 பற்றி 2015இல் பார்ப்போம் என்று ஒரு வரி. நஷீத் கிடைத்ததை ஏற்றுக்கொள்ளச் சொன்னார். துவாலு மறுத்தது. இரண்டுமே கடலுக்குப் பயந்த நாடுகள்! யார் சரி என்று இன்றும் என்னால் சுலபமாகச் சொல்ல முடியாது. வெனிசுவேலா, பொலிவியா, சூடான் போன்றவையும் எதிர்த்ததால் மாநாடு ஆவணத்தை ஏற்கவில்லை, ‘கவனத்தில்’ மட்டும் எடுத்தது.

2015இல் பாரிஸில் 1.5 ஒருவாறு உள்ளே வந்தது, அதுவும் ‘முயற்சி’ என்ற சொல்லோடு. அடுத்த வருடம் இலங்கையும் அதை உறுதிப்படுத்தியது. எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொடுக்கும். எழுதியதைச் செய்யாவிட்டால் தண்டனை கிடையாது. மாலைதீவின் நிலத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர்கூட உயரமில்லை.