வலிப்பு நோய்: ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் நோயே இல்லையா?

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், ‘காத்து கறுப்பு’ என்று மந்திரிக்க அழைத்துச் செல்வதும் நம்மிடையே இன்னும் முழுமையாக மறையவில்லை. மருத்துவமனைக்குப் போனாலும், ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் மருந்தை நிறுத்திவிடுவோர் உண்டு. இது ஆபத்தானது.

மூளை நரம்பணுக்களில் மின் தூண்டல் திடீரெனக் கட்டுக்கடங்காமல் போவதே வலிப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும்.

நோயைக் கண்டறிய மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது, வலிப்பை நேரில் பார்த்தவர் சொல்லும் விவரம். கைப்பேசியில் எடுத்த காணொளி இருந்தால் இன்னும் நல்லது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை அதற்குத் துணை நிற்கும். ஸ்கேனின் வேலை வேறு. வலிப்பைத் தூண்டும் தழும்பு, கட்டி, பிறவிக் குறைபாடு ஏதும் மூளையில் இருக்கிறதா என்று அது தேடுகிறது. அப்படி எதுவும் தென்படாமலேயே பலருக்கு வலிப்பு வருகிறது.

1970களில் வந்த சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் பெரிய கட்டிகளையும் காட்டியது. 1980களில் பரவிய எம்.ஆர்.ஐ., சிறிய தழும்புகளையும் காட்டத் தொடங்கியது. வலிப்பு நோயாளிகளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்க வேண்டும் என அனைத்துலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகத்தின் குழு 2019இல் பரிந்துரைத்தது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தப்பிய தழும்பு, இம்முறையில் சிக்கக்கூடும்.

பொருத்தமான இரண்டு மருந்துகளை முறையாக எடுத்தும் வலிப்பு நிற்காதவர்களுக்கே இந்த முன்னேற்றம் பெரிதும் பயன்படுகிறது. வலிப்பு தொடங்கும் இடம் பெரும்பாலும் சர்க்கரையைக் குறைவாகவே உட்கொள்ளும். அதைப் பெட் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். பேச்சை இயக்கும் பகுதி எது என்பதைச் செயல்முறை எம்.ஆர்.ஐ. காட்டும். இவற்றை ஒப்பிட்டு, அறுவை சிகிச்சை செய்யலாமா என்று மருத்துவர்கள் முடிவெடுப்பர்.

கனடாவில் 80 பேரிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் அறுவை சிகிச்சைக்குத் தேர்வானோரில் 58 விழுக்காட்டினர் சுயநினைவைப் பாதிக்கும் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் எடுத்தோரில் அது 8 விழுக்காடே.

எனவே, ஸ்கேன் முடிவு எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்கவில்லை என்றால், நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி கேட்க நோயாளிகள் தயங்க வேண்டாம்.