அகழி பூங்காவான கதை

நம் ஈப்போவும் ஜப்பானின் ஃபுக்குவோக்காவும் 1989-ஆம் ஆண்டு முதல் சகோதர நகரங்கள். தஞ்சோங் மாலிம் வட்டாரத் தோட்டங்களில் இச்செய்தியைச் சொன்னால், பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். அதில் தவறில்லை. ஊருக்கு வடக்கே சிலிம் ரிவரில் 1942 ஜனவரி 7-ஆம் நாள் ஜப்பானியரின் டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படைகளை உடைத்துக்கொண்டு புகுந்தன. அதன் பிறகு வந்ததுதான் 'ஜப்பான்காரன் காலம்'. லயங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்ட நம்மவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டே அந்த நகரத்துப் பூங்கா ஒன்றைச் சுற்றி வருவோம்.

அதன் பெயர் ஓஹோரி பூங்கா. 'பெரிய அகழி' என்று பொருள். 1600-இல் நடந்த பெரும் போரில் தொக்குகாவா இயெயாசு பக்கம் நின்ற குரோடா நாகமசா என்னும் பிரபுவுக்கு இந்த நாடு பரிசாகக் கிடைத்தது. மறு ஆண்டே அவர் கோட்டை கட்டத் தொடங்கினார். முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. கடல் உள்வாங்கியிருந்த சதுப்பு நிலத்தையே கோட்டையின் மேற்குப் புற அகழியாக்கிக் கொண்டார். கெட்டிக்காரர்தான். தோண்டும் கூலி எவ்வளவு மிச்சம்!

1871-இல் பிரபுக்களின் ஆட்சி ஒழிந்ததும் கோட்டைக் கட்டடங்கள் பலவற்றைப் பிரித்து எடுத்தார்கள். இன்று உயர்ந்த கல்மதில்களும், காவல் மாடங்கள் சிலவும், வாயில்களும் நிற்கின்றன. 1987-இல் கோட்டை நிலத்தில் இருந்த பேஸ்பால் மைதானத்தைப் பழுது பார்த்தபோது, அடியில் இன்னும் பழைய கட்டடம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீன, கொரியத் தூதர்களைத் தங்கவைத்த கோரோகான் மாளிகை அது.

அகழியின் கதைக்கு வருவோம். 1927-இல் அங்கே ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்காகச் சீரமைத்த இடத்தை 1929-இல் பொதுப் பூங்காவாகத் திறந்தார்கள். சீனத்து ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியை மாதிரியாகக் கொண்டு, நடுவில் தீவுகளும் அவற்றை இணைக்கும் பாலங்களும் அமைத்தார்கள். ஏரியைச் சுற்றினால் சுமார் இரண்டு கிலோமீட்டர். காலையில் முதியவர்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

ஏரியின் தெற்கே 1984-இல் திறந்த ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. பூங்காவுக்குள் போகக் காசு வேண்டாம். இத்தோட்டத்துக்கு மட்டும் சிறு கட்டணம். பூக்களை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். கல்லும் நீரும் பாசியும் தேவதாருவும்தான் இங்கே அழகு. ஒரு பக்கம் தண்ணீரே இல்லாமல், வெள்ளை மணலை வாரியால் வரிவரியாகக் கோதி, ஓடும் நீர் போலக் காட்டுகிறார்கள். தேவதாருவின் ஊசியிலைகளைக் கையால் கிள்ளிக் கிள்ளி உருவம் கொடுக்கிறார்கள். பட்டை ஆழம் போகாமல் பால் மரம் சீவிய கைகளுக்கு அந்த வேலையின் அருமை மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

இந்த நகரமும் போரில் தப்பவில்லை. 1945 ஜூன் 19 இரவு அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளில் நகரின் நடுப்பகுதி எரிந்தது. மடிந்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற குடிமக்கள்தாம். சயாமுக்கு ஆள் பிடித்தவர்கள் அல்லர்.