கணினிப் பட்டப்படிப்பு கடந்து வந்த பாதை



ஒவ்வோராண்டும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் மஹல்லாவின் இல்லங்களில் எழும் முதல் வினா, "பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா?" என்பதே. நகையை அடகு வைத்தும், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டும் கட்டணம் செலுத்துகின்ற பெற்றோருக்கு இது சிறிய வினா அன்று. "எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள்" என்பது அதற்குரிய விடையும் அன்று. இப்படிப்பு எப்போது தோன்றியது, எவருக்காக ஏற்படுத்தப்பட்டது, எத்தனை முறை ஏறி இறங்கியது என்பவற்றை அறிந்தால், முடிவெடுப்பது எளிதாகும். அதன் பொருட்டே அதன் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே தருகின்றோம்.

தோற்றம்

கணினித்துறையில் உலகிலேயே முதன்முதலாக முறையான பட்டயப் படிப்பைத் தொடங்கியது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். 1953 ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஓராண்டுப் படிப்பு, முன்னரே பட்டம் பெற்றிருந்தோர்க்கு உரியதாக இருந்தது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1962 இல் கணினி அறிவியலுக்கெனத் தனித்துறை ஒன்றை நிறுவியது. அதுவரை கணினி என்பது கணிதத்துறையின் ஒரு மூலையிலோ மின்பொறியியல் துறையின் ஒரு மூலையிலோதான் கற்பிக்கப்பட்டு வந்தது.

தொடக்கக் காலத்தில் இயந்திரத்திற்கே மதிப்பு மிகுதி. அதனை இயக்கும் நிரல்கள் பெரும்பாலும் இயந்திரத்துடன் சேர்த்தே வழங்கப்பட்டன. 1960-களில் நிரல்கள் பெரிதாகப் பெரிதாக, குறித்த காலத்தில் முடியாமலும், குறித்த செலவில் அடங்காமலும், பிழைகள் மலிந்தும் தொல்லை தரலாயின. இதற்குத் தீர்வு காண 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் வல்லுநர் மாநாடு ஒன்று கூடியது. அம்மாநாட்டின் தலைப்பாக வைக்கப்பட்ட "மென்பொருள் பொறியியல்" என்னும் தொடரே பின்னர் ஒரு துறையின் பெயராக நிலைத்தது. பாலம் கட்டுவதற்கு அளவும் கணக்கும் சோதனையும் இருப்பது போல, நிரல் எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதே அதன் உட்பொருள். எனினும் அமெரிக்காவில் மென்பொருள் பொறியியலுக்கெனத் தனி இளநிலைப் பட்டம் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1996 இல்தான் தொடங்கியது.

இந்தியாவில் முதல் அடி

நம் நாட்டின் முதல் கணினி, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு 1955 இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு உள்நாட்டிலேயே உருவாக்கிய டிஃப்ராக் என்னும் கணினி 1960 இல் இயங்கத் தொடங்கியது. ஆயினும் இவை ஆய்வாளர்களின் கருவிகளாகவே இருந்தன. மாணவர் கைக்கு அவை எட்டவில்லை.

அந்நிலையை மாற்றியது கான்பூர் ஐ.ஐ.டி. 1963 இல் அங்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணினி நிறுவப்பட்டது. அவ்வகைக் கணினியின் நினைவகம் 20,000 முதல் 60,000 இலக்கங்களை மட்டுமே கொள்ளும். இன்று நம் கையிலுள்ள மலிவான செல்பேசியின் முன் அது ஒரு பொருட்டே அன்று. ஆனால் அந்த இயந்திரத்தைப் பூட்டி வைக்காமல், மாணவர்கள் தாமே நிரல் எழுதி இயக்க இசைவளித்தனர். ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமனும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த எச்.என். மகாபாலாவும் அங்கு ஃபோர்ட்ரான் மொழியைக் கற்பித்த முன்னோடிகளில் அடங்குவர். வெளிநாட்டு நூல்களின் விலை மாணவர்க்கு எட்டாத அக்காலத்தில், ராஜாராமன் எழுதிய கணினி நூல்கள் மலிவு விலையில் வெளிவந்து, பல தலைமுறை மாணவர்களுக்கு உதவின.

சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 வகைப் பெருங்கணினி 1973 இல் அமைந்தது. அக்கால மாணவர் நிரலைத் தாளில் எழுதி, அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கணினி மையத்தில் ஒப்படைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழையாயினும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே எழுதுமுன் சிந்திக்கும் பழக்கம் அவர்களுக்குத் தானாகவே வந்தது.

கான்பூரில் கணினி அறிவியலுக்கெனத் தனி பி.டெக். பட்டம் 1978 இல் தொடங்கப்பட்டது. கணினி வந்து சேர்ந்ததற்கும் இளநிலைப் பட்டம் தொடங்கியதற்கும் இடையே 15 ஆண்டுகள் கழிந்தன என்பது கருதத்தக்கது. ஆசிரியரும் பாடநூலும் பழக்கமும் முதலில் உருவாயின. பட்டம் அவற்றின் பின் வந்தது.

பொறியியல் படிக்காதோர்க்குத் திறந்த கதவு

ஐ.ஐ.டி.க்களில் இடம் பெற்றோர் மிகச் சிலரே. தொழில் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் தேவைப்பட்டோரோ பலர். இதனை ஆராய ராஜாராமன் தலைமையில் மத்திய அரசின் மின்னணு ஆணையம் அமைத்த குழு, அறிவியல், வணிகவியல் முதலிய பட்டம் பெற்றுக் கணிதமும் அறிந்தோர்க்கு மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. அதுவே எம்.சி.ஏ. 1980-களின் தொடக்கத்தில் தொடங்கிய இப்படிப்பில் நிரலாக்கத்துடன் கணக்கியலும் நிறுவன நிர்வாகமும் சேர்க்கப்பட்டன. இறுதிப் பருவத்தில் மாணவர் ஒரு நிறுவனத்திற்குச் சென்று உண்மையான வேலையில் ஈடுபட வேண்டும் என்பதும் அதன் சிறப்பு.

இந்த ஒரு முடிவால், சிற்றூர்க் கலைக்கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவரும் கணினித்துறைக்குள் நுழைய வழி பிறந்தது. பின்னர் பி.எஸ்ஸி. கணினி அறிவியலும் பி.சி.ஏ.வும் கலைக்கல்லூரிகள் தோறும் பரவின. எம்.சி.ஏ. 2020-21 கல்வியாண்டு முதல் இரண்டாண்டுப் படிப்பாகக் குறைக்கப்பட்டது. ஆக, பி.சி.ஏ.வும் எம்.சி.ஏ.வும் சேர்ந்து ஆறாண்டு என்றிருந்தது ஐந்தாண்டாகியது. 2024-25 முதல் பி.சி.ஏ. படிப்பும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டது.

தமிழ்நாட்டில் பரவிய விதம்

1794 இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரி உள்ளிட்ட நான்கு நிறுவனங்களை இணைத்து 1978 இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. 1984 வாக்கில் எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு இசைவளித்ததே அடுத்த பெருந்திருப்பம். அவ்வாண்டிலேயே கீழக்கரையைச் சேர்ந்த வள்ளல் பி.எஸ். அப்துர் ரகுமான் வண்டலூரில் கிரசென்ட் பொறியியற் கல்லூரியை நிறுவினார். கீழக்கரையில் முகமது சதக் பொறியியற் கல்லூரியும் அதே ஆண்டில் தோன்றியது. 1951 இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை புதுக்கல்லூரி போன்ற கலைக்கல்லூரிகள் முன்னரே சமுதாயத்தில் பட்டதாரிகளை உருவாக்கி வந்தன. பெண்களுக்கென 1988 இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்தது. தொலைவு கருதிப் பெண்மக்களின் படிப்பை நிறுத்தி வந்த பல குடும்பங்கள், அருகில் கல்லூரி வந்த பின்னர் அந்தக் காரணத்தைச் சொல்ல இயலாமற் போயிற்று.

சேர்க்கை விதிகளும் மாறின. 1984 முதல் நடைமுறையிலிருந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு, 2007 சேர்க்கை முதல் நீக்கப்பட்டது. சிறப்புப் பயிற்சிக்கு வசதியற்ற ஊர்ப்புற மாணவர்க்கு இது துணையாயிற்று. அதே 2007 இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. 2010 இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக்கட்டணச் சலுகையும், 2021 இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு முன்னுரிமையும் வந்தன. இவற்றுக்குரிய சான்றிதழ்களைக் காலத்தில் பெறாமையால் தகுதியிருந்தும் வாய்ப்பிழப்போர் உண்டு. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்னரே பெற்றுக்கொள்வது நன்று.

ஏற்றமும் இறக்கமும்

1984 இல் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியது. 1991 இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. 2000 ஆம் ஆண்டு பிறக்கையில் கணினிகளின் தேதிக் கணக்கு பிழைபடும் என்ற அச்சம், பழைய நிரல்களைத் திருத்தும் பெரும்பணியை இந்தியரிடம் கொண்டுவந்து சேர்த்தது. சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. அக்காலத்தில் தெருவுக்குத் தெரு கணினிப் பயிற்சி மையங்கள் முளைத்தன. சில மாதப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தாலே வேலை உறுதி என்று பலர் நம்பினர்.

2001 இல் அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் சரிந்தபோது அந்நம்பிக்கையும் சரிந்தது. மீண்டும் உயர்ந்த சந்தை 2008 இன் உலகப் பொருளாதார நெருக்கடியில் தளர்ந்தது. 2010-களின் நடுவில் நம் மாநில மாணவரிடையே இயந்திரவியல் பிரிவுக்கு மோகம் மிகுந்து, பின்னர் அது மீண்டும் கணினியின் பக்கம் திரும்பியது. 2022, 2023 ஆண்டுகளில் உலகின் பெரு நிறுவனங்களே ஆயிரக்கணக்கானோரைப் பணிநீக்கம் செய்தன.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று உண்டு. இவ்வாண்டின் வேலைச் சந்தையைப் பார்த்துச் சேர்க்கப்படும் பிள்ளை, நான்காண்டு கழிந்தே வெளிவருகின்றான். அப்போதைய சந்தை எவ்வாறிருக்கும் என்பதை எவரும் இன்று கூறிவிட முடியாது. எனவே சந்தையின் சூட்டை மட்டும் அளவுகோலாகக் கொள்வது தகாது. பிள்ளையின் நாட்டமும் கணிதத்தில் அவனுக்குள்ள பிடிப்புமே நம்பத்தக்க அளவுகோல்கள்.

மாறியவையும் மாறாதவையும்

ஃபோர்ட்ரான், கோபால், பாஸ்கல், சி, ஜாவா, பைத்தான் எனப் பாடத்திட்டத்தில் மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு மொழியை மட்டும் மனப்பாடம் செய்தவர், அம்மொழி பின்தள்ளப்பட்டபோது தாமும் பின்தங்கினார். ஆனால் கணிதம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம் எனும் தீர்வுநெறி, தரவுத்தளம், இயக்க முறைமை ஆகிய பாடங்கள் பல பத்தாண்டுகளாக நிலைத்து நிற்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்தே அல்காரிதம் என்ற சொல் பிறந்தது என்பதை நம்மில் பலர் அறிவர். அப்பெருமையைப் பேசுவதோடு நில்லாமல், அப்பாடத்தைப் பிள்ளைகள் ஊன்றிக் கற்பதே பயன் தரும்.

2022 இன் இறுதி முதல், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை அறிவுச் செயலிகள் பரவியுள்ளன. "இனி இப்படிப்பு எதற்கு?" என்று சில பெற்றோர் கவலையுறுகின்றனர். 1957 இல் ஃபோர்ட்ரான் வெளிவந்தபோது அதனையும் "தானியங்கி நிரலாக்கம்" என்றே அழைத்தனர். இயந்திர மொழியில் எண்களாக எழுதும் சுமையை அது குறைத்தது. ஆயினும் நிரலாளர் தொகை குறையவில்லை, பெருகவே செய்தது. இம்முறையும் அவ்வாறே நிகழும் என்று உறுதி கூற நாம் முற்படவில்லை. ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதைத் தெளிவாக வரையறுப்பதும், செய்யப்பட்டது சரிதானா எனச் சோதிப்பதும் அன்றும் மனிதரின் வேலையாகவே இருந்தன, இன்றும் இருக்கின்றன. 1968 மாநாடு கவலைப்பட்டதும் இவற்றைப் பற்றியே. பெயரளவில் தேர்ச்சி பெற்றவர்க்கு இனிக் கடினம். அடிப்படையை அறிந்தவர்க்கு இன்னும் இடமுண்டு.

நம் இல்லங்களுக்கு

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் கட்டடத்தைப் பார்ப்பதை விட, சில வினாக்களைக் கேட்பது மேல். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கு பணிபுரிகின்றனர்? ஆய்வகத்தில் மாணவர் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் தாமே நிரல் எழுதுகின்றனர்? இறுதியாண்டுத் திட்டப்பணியை மாணவரே செய்கின்றனரா, வெளியில் விலைக்கு வாங்குகின்றனரா? சென்ற ஆண்டு படித்து வெளியேறியவர்களிடமே நேரில் கேட்டறிவதும் இயலும்.

பி.இ. கிடைக்காவிடில் எல்லாம் முடிந்தது என்று கருத வேண்டா. பி.எஸ்ஸி., பி.சி.ஏ. வழியாக எம்.சி.ஏ. சென்று உயர்ந்தோர் ஏராளம். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றோர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020 இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பு, ஜே.இ.இ. தேர்வின்றித் தகுதிச்சுற்றின் மூலம் சேரும் வாய்ப்பைத் தந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்போர்க்கும், வீட்டிலிருந்து படிக்க விரும்பும் பெண்மக்களுக்கும் அது ஏற்றதாயிற்று.

கேம்பிரிட்ஜில் பட்டதாரிகள் சிலருக்கு மட்டும் என்று தொடங்கிய படிப்பு, எழுபது ஆண்டுகளில் நம் தெருவரை வந்து சேர்ந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ சிலர் கதவை இன்னும் சிறிது அகலத் திறந்துவிட்டனர். அதன் வழியே நுழையும் பிள்ளைகளுக்குச் சரியான தகவலையும், தேவையெனில் கட்டண உதவியையும் உரிய காலத்தில் அளிப்பது ஜமாஅத்தாராகிய நம் அனைவரின் பொறுப்பாகும்.